செயற்கை ஈ கட்டுவது: கேட்டீர்கள், சொல்கிறேன்

தூண்டில் முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி போல் ஒன்றைச் செய்து, அதை நம்பி ஒரு மீன் வாயைத் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இந்தப் பித்து விடாது. இருபது வருடமாகக் கட்டுகிறேன். ஈ என்று நான் எழுதுவது வீட்டு ஈயை மட்டும் அல்ல. இப்படிக் கட்டுகிற எல்லாவற்றுக்கும் அதுதான் பெயர்.

புதிதாக ஆரம்பிக்கிறேன். எதையெல்லாம் வாங்கலாம்?

கொஞ்சமாக வாங்குங்கள். முள்ளைக் கவ்விப் பிடிக்கும் வைஸ், நூற்கண்டைத் தாங்கும் பாபின், நுனி கூரான சின்னக் கத்தரிக்கோல் மூன்றும் நல்லதாக இருக்கட்டும். இறகு, மயிர் எல்லாம் ஒரே ஒரு வகை ஈக்குத் தேவையானது போதும். அந்த வகை, வூலி பகர் என்ற ஈயாக இருக்கட்டும்: வாலுக்கு மாரபூ என்ற பஞ்சு போன்ற இறகு, உடம்புக்கு செனில் என்ற மயிர்போலச் சிலிர்த்த தடித்த நூல், அதன் மேல் சுற்றிவர ஒரு நீள இறகு. 8 அல்லது 10 ஆம் எண் முள் எடுங்கள். எண் ஏற ஏற முள் சிறுக்கும். 16, 18 எல்லாம் இப்போது வேண்டாம். பத்து வூலி பகர் கட்டிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பத்தாவதை முதலாவதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்களுக்கே சந்தோஷமாக இருக்கும்.

அண்ணா, நூல் அறுந்துகொண்டே இருக்கிறது. மட்டமான நூலா?

பெரும்பாலும் நூல் மேல் தப்பில்லை. சுற்றும்போது முள்ளின் முனையில் உரசுகிறதா பாருங்கள். பாபின் குழாயின் வாயில் பிசிர் இருந்தாலும் நூலை அரித்துவிடும். இரண்டும் இல்லையென்றால் இழுப்பு அதிகம். வெறும் முள்ளில் நூலைச் சுற்றி, அறுகிறவரை வேண்டுமென்றே இழுங்கள். நான்கைந்து தடவை செய்தால் எல்லை எங்கே என்று விரலுக்குத் தெரிந்துவிடும். அதற்குச் சற்று முன்பே நிற்பதுதான் சரியான இறுக்கம்.

வால் இறகை மேலே வைத்தாலும் முள்ளின் அந்தப் பக்கம் சரிந்துவிடுகிறது.

நூல் சுற்றும் திசையில் இறகையும் இழுத்துக்கொண்டு போகிறது. இறகைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே முள்ளோடு சேர்த்துப் பிடியுங்கள். நூலை அந்த இரண்டு விரல்களுக்கு இடையே மேலே கொண்டுபோய், தளர்வாக ஒரு வளையம் விட்டு, மறுபக்கம் இறக்கி, நேர் கீழாக இழுங்கள். விரலை உடனே எடுக்காமல் இன்னும் இரண்டு சுற்று போடுங்கள்.

முடிக்கும்போது முள்ளின் காதே மூடிவிடுகிறது. தூண்டில் நரம்பு நுழையவில்லை.

எல்லோரும் செய்கிற தப்பு இது, நானும் வருடக்கணக்கில் செய்தேன். தலையில் தெரிந்தாலும் கோளாறு வாலிலேயே தொடங்கிவிடுகிறது. வாலில் இரண்டு சுற்று கூடுதல், உடம்பில் மூன்று கூடுதல் என்று சேர்ந்து, கடைசியில் தலைக்கு இடமே இருக்காது. முதல் சுற்றைப் போடும்போதே காதிலிருந்து ஒரு காதளவு தள்ளி ஆரம்பியுங்கள். அந்த இடம் கடைசி முடிச்சுக்கு மட்டும். மூன்று சுற்று பிடிக்கும் இடத்தில் எட்டு வேண்டாம். உடம்புக்குத் திரிக்கும் பஞ்சிலும் நீங்கள் எடுத்ததில் பாதி போதும். அப்படியும் காது மூடிவிட்டதா? பிளேடால் எல்லாவற்றையும் அறுத்துவிட்டு அதே முள்ளில் திரும்பக் கட்டுங்கள்.

மிதக்க வேண்டிய ஈ மூழ்குகிறது, ஏன்?

பெட்டைக்கோழி இறகு போட்டீர்களோ? அது மிருது, தண்ணீரை உறிஞ்சும்; மூழ்கும் ஈக்கு அதுதான் அழகு. மிதப்பதற்கு விறைப்பான சேவல் இறகு வேண்டும். இழையின் நீளம் முள்ளின் வாய் அகலத்தை, அதாவது தண்டுக்கும் முனைக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் போல ஒன்றரை மடங்கு இருந்தால் சரி. மான் மயிரின் உள்ளே காற்றறைகள் இருப்பதால் அது தானாகவே மிதக்கும். வாத்தின் வாலடி எண்ணெய்ச் சுரப்பியைச் சுற்றியுள்ள இறகும் அருமையானது, ஆனால் அதில் ஈயை மிதக்கவைக்கத் தடவும் களிம்பைப் பூசாதீர்கள். இழைகள் ஒட்டிப் படிந்துவிடும்.

மயிலிறகு உடம்பு ஒரு மீனிலேயே பிய்ந்துபோகிறது.

இழையைத் தனியாகச் சுற்றாமல் நூலோடு முறுக்கிச் சுற்றுங்கள். அல்லது மேலே மெல்லிய செம்புக் கம்பியை எதிர்த் திசையில் ஓட்டுங்கள்.

ஈ மூழ்குவதற்கு முள்ளில் கோக்கும் மணி பித்தளையா, டங்ஸ்டனா?

ஆழமும் வேகமும் உள்ள நீருக்கு டங்ஸ்டன். அதே அளவு பித்தளை மணியைவிட இரண்டு மடங்குக்கு மேல் கனம். மற்ற இடத்தில் பித்தளை போதும்.

ஐயா, அசல் பூச்சி மாதிரியே கட்ட வேண்டுமா? கால், கண் எல்லாம்?

வேண்டாம். அளவும் உருவமும் அசைவும் சரியாக இருந்தால் மீன் வரும். இங்கிலாந்தில் ஏவன் ஆற்றைப் பராமரித்த ஃபிராங்க் சாயர் கட்டிய ஃபெசன்ட் டெயில் நிம்ஃப் என்ற, நீர்ப்பூச்சியின் இளம்பருவத்தைப் போன்ற ஈயில் கால்களே கிடையாது. ஃபெசன்ட் என்ற பறவையின் வால் இறகில் சில இழைகள், நூலுக்குப் பதில் செம்புக் கம்பி, அவ்வளவுதான். அந்தக் கம்பியே கட்டும், கனமும் கொடுக்கும். உலகம் முழுக்க இன்றும் அதை வைத்து மீன் பிடிக்கிறார்கள். கி.பி. 200 வாக்கில் ரோமானிய எழுத்தாளர் ஏலியன் எழுதிவைத்த மாசிடோனிய ஈயும் சிவப்புக் கம்பளியும் இரண்டு சேவல் இறகுகளும்தான்.

இறகில் பூச்சி விழுந்துவிட்டது!

அந்தப் பையை உடனே தனியாக எடுங்கள். காற்றுப் புகாத பையில் கட்டி ஃப்ரீசரில் சில நாள், வெளியே ஒரு நாள், திரும்பவும் சில நாள் ஃப்ரீசரில். இனி புதிதாக வரும் எந்த இறகையும் இப்படிச் செய்த பிறகே மற்றதோடு சேருங்கள்.