ரத்தாகாத திருமணம்

கேள்வி: சார்லி சாப்ளினின் வாழ்க்கை, திரைப்பணி, விவாகரத்து ஆகியவற்றைச் சுருக்கமாகக் கூற முடியுமா? உலகையே சிரிக்க வைத்தவர் உள்ளுக்குள் அழுதுகொண்டிருந்தார் என்பது உண்மைதானா?

பதில்: வாழ்க்கையைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். 1889ஆம் ஆண்டு ஏப்ரல் 16 அன்று லண்டனில் பிறந்தார். 1977ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் சுவிட்சர்லாந்தில் மறைந்தார். இடையில் நான்கு திருமணங்கள், அவற்றில் மூன்று முறிந்தன. உள்ளுக்குள் அழுதாரா என்ற கேள்விக்கு நான் பதில் சொல்வதாக இல்லை. நகைச்சுவையாளர் யாரைப் பற்றிக் கேட்டாலும் இந்த அழுகையும் கூடவே வந்துவிடுகிறது. சிரிக்க வைப்பவன் வீட்டுக்குப் போய் அழத்தான் வேண்டும் என்று யார் விதித்தார்களோ தெரியவில்லை.

உங்கள் கேள்வியில் என்னைப் பிடித்துக்கொண்டது 'விவாகரத்து' என்ற சொல். அதனோடு எனக்குப் பழைய பகை உண்டு. நான் 'மணமுறிவு' என்று எழுதி அனுப்பும்போதெல்லாம் எங்கள் மெய்ப்புத் திருத்துநர் அதை 'விவாகரத்து' ஆக்கி அச்சுக்கு அனுப்பிவிடுவார். வாசகருக்கு அதுதான் புரியுமாம். புரியலாம், ஆனால் பொருள் தவறு. முதலிலிருந்தே செல்லாத ஒரு திருமணத்தைச் செல்லாது என்று நீதிமன்றம் அறிவிப்பது வேறு. அன்றுவரை செல்லுபடியாக இருந்த திருமணத்தை அன்றோடு முடித்துவைப்பது வேறு. பயணச்சீட்டை ரத்து செய்தால் கொஞ்சம் பிடித்துக்கொண்டு மீதியை நம் கையில் தருவார்கள். சாப்ளினோ 1927இல் இரண்டாம் மனைவி லிட்டா கிரேயைப் பிரிந்தபோது 6 லட்சம் டாலருக்கு மேல் கொடுத்தார். அமெரிக்க நீதிமன்றங்கள் அதுவரை கண்டிராத தொகை அது. ரத்து செய்தவரே இவ்வளவு கட்டியாக வேண்டிய சீட்டை எந்தக் கவுண்டரிலும் விற்பதில்லை.

அந்தத் திருமணத்தைக் காதல் கதையாக எழுதுகிறவர்களோடும் எனக்குச் சண்டைதான். 1924 நவம்பரில் அது நடந்தபோது லிட்டாவுக்கு 16 வயது, சாப்ளினுக்கு 35. லிட்டா கருவுற்றிருந்தார், கலிபோர்னியச் சட்டப்படி சாப்ளின் சிறைக்குப் போயிருக்கக்கூடிய விவகாரம் என்பதால், எல்லை தாண்டி மெக்சிகோவில் ஓசைப்படாமல் மணம் முடித்தார்கள். இரண்டு மகன்கள் பிறந்தார்கள். பிறகு லிட்டாவின் வழக்கறிஞர்கள் தாக்கல் செய்த மனுவின் பிரதிகள் தெருவிலேயே விற்பனைக்கு வந்தன, சாப்ளின் படங்களைத் தடை செய்யக் கோரிச் சங்கங்கள் கிளம்பின, பாதியில் இருந்த 'சர்க்கஸ்' படத்தின் வேலை எட்டு மாதம் நின்றுபோனது. 1928 ஜனவரியில் ஒருவழியாக வெளியான அந்தப் படத்துக்காக, 1929இல் நடந்த முதல் ஆஸ்கர் விழாவில் சாப்ளினுக்குச் சிறப்பு விருது கிடைத்தது.

இனிமேல்தான் மெய்ப்புத் திருத்துநரிடம் நான் தோற்கும் இடம் வருகிறது. 1964இல் வெளியான தன் சுயசரிதையில் சாப்ளின் உண்மையாகவே ரத்து செய்துவிட்டார். அத்தனை பெரிய புத்தகத்தில் இந்தத் திருமணத்துக்குச் சில வரிகளே இடம். வளர்ந்த மகன்கள் இருப்பதால் விவரத்துக்குள் போகவில்லை என்று சொல்லி நகர்ந்துவிடுகிறார், மனைவியின் பெயரைக்கூடச் சொல்லாமல். விருது வாங்கித் தந்த 'சர்க்கஸ்' படத்தையும் அதனோடு சேர்த்தே கழித்துவிட்டார். மகன்களுக்காக என்ற காரணத்தை நான் பாதிதான் நம்புகிறேன். படத்தின் பெயரைச் சொன்னால் எந்த மகன் வருந்தப்போகிறான்? லிட்டாவும் விடவில்லை, இரண்டே ஆண்டுகளில் தன் தரப்பைத் தனிப் புத்தகமாக்கினார். சாப்ளினாலும் விட முடியவில்லை: எண்பது வயதை எட்டும் தறுவாயில் அதே படத்தை எடுத்து வைத்துக்கொண்டு புதிதாக இசையமைத்து, தொடக்கப் பாடலைத் தன் சொந்தக் குரலிலேயே பாடினார்.

திரைப்பணியைப் பற்றிக் கேட்டீர்களே, அந்த ஒரு படத்தைப் பாருங்கள். உயரத்தில் கட்டிய கயிற்றின் மேல் நிற்கிறார். இடுப்பில் மாட்டியிருந்த பாதுகாப்புக் கம்பி கழன்றுவிட்டது அவருக்குத் தெரியாது. தெரிந்து உடல் நடுங்கும் நேரத்தில் குரங்குகள் மேலேறி வருகின்றன. ஒன்று மூக்கைக் கடிக்க, கால்சட்டை நழுவுகிறது, உள்ளே அணிய வேண்டிய சர்க்கஸ் உடையை அவர் மறந்து வந்தது ஊருக்கே தெரிந்துவிடுகிறது. கடைசிக் காட்சியில் விரும்பிய பெண்ணை வேறொருவனுக்கு மணமுடித்து வைத்துவிட்டு, வண்டிகள் எல்லாம் போன வெற்று மைதானத்தில், கூடாரம் விட்டுச்சென்ற வட்டத்துக்கு நடுவே தனியாக உட்கார்ந்திருக்கிறார். நட்சத்திரம் அச்சிட்ட கிழிந்த காகிதம் ஒன்று காலடியில் கிடக்கிறது. எடுத்துப் பார்க்கிறார், கசக்குகிறார், திரும்பிப் பார்க்காமலே குதிகாலால் பின்புறம் உதைத்துவிட்டு நடக்கத் தொடங்குகிறார்.