ஓயாமல் அலை வீசும் ரேடார்: கேள்வி பதில்

பொறியியல் மாணவி ஒருவர்: ரேடார் என்றால் அலையை அனுப்பிவிட்டு எதிரொலிக்குக் காத்திருப்பதுதானே? தொடர் அலை ரேடார் நிறுத்தாமல் அனுப்பினால் எதிரொலியை எப்போது கேட்கும்?

காத்திருப்பது துடிப்பு ரேடார். ஒரு துடிப்பை வீசிவிட்டு வாய் மூடிக்கொள்ளும். எதிரொலி ஒரு மைக்ரோ விநாடியில் திரும்பினால் பொருள் 150 மீட்டரில் இருக்கிறது. தொடர் அலை ரேடார் அனுப்பும்போதே கேட்கிறது. நகரும் பொருளில் பட்டுத் திரும்பும் அலையின் அதிர்வெண் டாப்ளர் விளைவால் சற்று மாறிவிடும். அனுப்பிய அலையோடு வந்த அலையைக் கலந்தால் அந்த வேறுபாடு தனியே கிடைக்கும். வண்டிகளின் வேகத்தை அளக்கப் போலீஸ் பிடிக்கும், 24.15 கிகாஹெர்ட்ஸில் இயங்கும் வேகத் துப்பாக்கியை நோக்கி ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டரில் வந்தால் வேறுபாடு சுமார் 4,470 ஹெர்ட்ஸ். அதை ஒலிபெருக்கியில் கொடுத்தால் விசில் போலக் கேட்கும். ஓட்டுநர் பிரேக் போட்டால் சுருதி இறங்கும்.

அதே மாணவி: அப்படியானால் தூரத்தை எப்படிக் கணக்கிடுகிறது?

கணக்கிடுவதில்லை. ஒரே மாதிரியான அலை முடிவில்லாமல் போகிறது. திரும்பி வந்த முகடு எப்போது கிளம்பியது என்பதற்கு அதில் அடையாளமே கிடையாது. விமானங்களைச் சுட்டு வீழ்த்தும் அமெரிக்காவின் ஹாக் ஏவுகணை அமைப்பு நல்ல உதாரணம். தாழப் பறக்கும் விமானத்தைத் தரையின் எதிரொலியிலிருந்து பிரித்தெடுக்கத் தொடர் அலை ரேடாரை வைத்திருந்தார்கள். தரை நகர்வதில்லை, அதன் அதிர்வெண் மாறுவதில்லை. ஆனால் தூரத்தை அளக்க மட்டும் தனியாக ஒரு துடிப்பு ரேடாரையும் கூடவே இழுத்துப் போனார்கள்.

கார் பழுதுபார்ப்பவர்: எங்கள் பட்டறைக்கு வரும் கார்களின் பம்பருக்குள் இருப்பதும் தொடர் அலை ரேடார் என்கிறார்கள். அது முன்னால் போகும் வண்டியின் தூரத்தைச் சொல்கிறதே?

அங்கே அலைக்கு அடையாளம் போட்டுவிட்டார்கள். அதிர்வெண்ணைச் சீராக ஏற்றிக்கொண்டே போவார்கள். 50 மைக்ரோ விநாடியில் 1 கிகாஹெர்ட்ஸ் ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். 30 மீட்டரில் உள்ள வண்டியிலிருந்து எதிரொலி வர 0.2 மைக்ரோ விநாடி ஆகும். அதற்குள் அனுப்பும் அதிர்வெண் 4 மெகாஹெர்ட்ஸ் மேலே போயிருக்கும். அந்த 4 மெகாஹெர்ட்ஸ்தான் தூரம். நேரத்தை அளப்பதைவிட அதிர்வெண்ணை அளப்பது மலிவு. இந்த வகை காருக்குள் புகுந்ததற்கு அது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கருத்து. அதிர்வெண் இப்படி 1 கிகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஏறினால் 15 சென்டிமீட்டர் இடைவெளியில் உள்ள இரண்டு பொருள்களையும் பிரித்துக் காட்டும்.

உத்தி புதிதல்ல. 1924 டிசம்பரில் இயற்பியலாளர்கள் ஆப்பிள்டனும் பார்னெட்டும் இங்கிலாந்தின் போர்ன்மத் வானொலி நிலைய அலையின் அதிர்வெண்ணை மெல்ல மாற்றி, வானில் அலையைத் திருப்பும் அயனி அடுக்கின் உயரத்தை அளந்தார்கள். இன்று விமானம் தரையிறங்கும்போது உயரம் காட்டும் ரேடியோ உயரமானி 4.2 முதல் 4.4 கிகாஹெர்ட்ஸில் இதே வேலையைச் செய்கிறது.

அபராதம் கட்டியவர்: சாலையோரம் சாய்வாக நின்று வேகத் துப்பாக்கியைப் பிடித்தால் அதிகமாகத்தானே காட்டும்?

இல்லை, குறைத்துத்தான் காட்டும். கருவியை நோக்கி வரும் வேகத்தை மட்டுமே அது அறியும். 20 டிகிரி சாய்வில் 60 என்பது 56 ஆகத் தெரியும். நேர் குறுக்கே போனால் பூஜ்யம். நீங்கள் வழக்காட வேண்டிய இடம் வேறு. தூரம் அறியாத கருவிக்கு எந்த வண்டியின் எதிரொலி என்று சொல்லத் தெரியாது. சிறிய காருக்குப் பின்னால் வேகமாக வரும் லாரி வலுவாக எதிரொலிக்கும்.

ஓய்வுபெற்ற ஆசிரியர்: இவ்வளவு எளிது என்றால் விமான நிலையங்கள் ஏன் இன்னும் துடிப்பு ரேடாரை வைத்திருக்கின்றன?

கசிவுதான் காரணம், ஐயா. தூரம் இரண்டு மடங்கானால் எதிரொலியின் வலு பதினாறில் ஒரு பங்காகிவிடும். நூறு கிலோமீட்டர் தள்ளியுள்ள விமானத்தின் எதிரொலியைப் பிடிக்கப் பெரும் திறனோடு அனுப்ப வேண்டும். ரிசீவரோ பக்கத்திலேயே காது திறந்து நிற்கிறது. இரண்டு ஆன்டெனாக்களைத் தள்ளித் தள்ளி வைத்தாலும் அனுப்பும் அலை கொஞ்சம் உள்ளே வழியும், கூடவே அதன் இரைச்சலும். துடிப்பு ரேடார் அனுப்பும் நேரத்தில் ரிசீவரை அடைத்துவிடுவதால் அதற்கு இந்தத் தலைவலி இல்லை. பதிலுக்கு, ஒரு மைக்ரோ விநாடித் துடிப்பு என்றால் முதல் 150 மீட்டர் அதற்குக் குருடு. விமான நிலையத்துக்கு அது பெரிய குறையில்லை, காருக்கு உதவாது.