எழுதாத பேனைக்கு முழுப் பணமும் திரும்பக் கிடைக்குமா?

கேள்வி: அக்காவின் மகன் பல்கலைக்கழகத்துக்குத் தெரிவானதற்குப் பரிசாக, காலி வீதிக் கடையொன்றில் 18,500 ரூபாவுக்கு மை நிரப்பும் ரோலர்போல் பேனை ஒன்று வாங்கினேன். கூட வந்த மைக்குழாய் முடியும்வரை நன்றாக எழுதியது. பிறகு புறக்கோட்டையில் வாங்கிய கறுப்பு இந்தியன் இங்க் நிரப்பினோம். ஒரு கிழமைக்குள் நின்றுவிட்டது. கடை முதலாளி ‘விற்ற பொருள் திரும்ப எடுக்கப்படமாட்டாது’ என்ற பலகையைக் காட்டி, எல்லார் முன்னாலும் கத்தி அனுப்பினார். வாங்கிப் பத்துக் கிழமையாகிறது. முழுப் பணமும் மன உளைச்சலுக்கு நட்டஈடும் கேட்கலாமா? – வாசகி, வெள்ளவத்தை.

பதில்: முதலாளி கத்தியதையும் பலகையையும் விட்டுவிடுங்கள். ஒப்பந்த மீறலில் மன உளைச்சலுக்கு இங்கே பொதுவாக நட்டஈடு கிடைப்பதில்லை. பேனை விற்கப்பட்ட அன்றே குறை அதற்குள் இருந்ததா என்பதுதான் கேள்வி. முதல் மைக்குழாய் முடியும்வரை நன்றாக எழுதியது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். எதிர்த்தரப்புக்கு அந்த ஒரு வரி போதும்.

இந்தியன் இங்க் என்பது கரித்தூளும், பெரும்பாலும் அரக்கும் கலந்த வரைபட மை. ரோலர்போலின் முனையில் அரை மில்லிமீற்றரை ஒட்டிய குண்டு ஒன்று மிக நெருக்கமான குழிக்குள் உருளுகிறது. சாய மை அங்கே காய்ந்தால் தண்ணீரில் கரையும். அரக்கு மை காய்ந்தால் கரையாது. பெட்டிக்குள் இருந்த தாளில் ‘பவுண்டன் பேனை மை மட்டும்’ என்ற மாதிரி ஒரு வரி இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இருந்தால் உத்தரவாத அட்டை உங்களுக்கு உதவாது.

மற்றப்படி முறையிடும் பாதை இதுதான். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டத்தின் 13 ஆம் பிரிவின்கீழ் பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிடலாம். விசாரித்தபின் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணத்தைத் திருப்பிக் கொடுத்தல் என்று கட்டளையிட அதற்கு அதிகாரம் உண்டு.

ஆட்கள் விழுகிற குழி காலக்கெடு. முறைப்பாடு விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள், எழுத்தில் போகவேண்டும். பேனை பழுதான நாளிலிருந்து அல்ல, வாங்கிய நாளிலிருந்து. அதிகார சபையின் 1977 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழைத்துச் சொன்னது எழுத்து ஆகாது. ‘அடுத்த கிழமை வாங்கோ, பார்ப்போம்’ என்று கடைக்காரர் இழுக்கிற நாட்களும் கணக்கில் ஓடிக்கொண்டேயிருக்கும். உங்களுக்கு ஏறக்குறைய மூன்று கிழமைதான் மிச்சம்.

இரண்டாவது குழி, வீட்டிலேயே கழுவிப் பார்ப்பது. யூடியூப்பைப் பார்த்து வெந்நீரில் ஊறவைத்து, ஊசியால் குண்டைக் குத்தி, லைட்டரில் முனையைக் காட்டியபிறகுதான் பலர் வக்கீலிடம் வருகிறார்கள். அதன்பிறகு எது விற்றவர் தந்த குறை, எது கைபட்ட குறை என்று யாராலும் பிரிக்க முடியாது. நீங்கள் செய்யக்கூடியது இவ்வளவுதான்: பற்றுச்சீட்டும் முனையும் ஒன்றாகத் தெரியும்படி வீடியோ எடுத்துக்கொண்டு, முன்பகுதியைக் கழற்றி, கன்வெர்ட்டர் (மையை உறிஞ்சி நிரப்பும் திருகுக் குழாய்) முழுவதும் உள்ளே போயிருக்கிறதா என்று பாருங்கள். தளர்ந்திருந்தால் காற்று புகுந்து மை இறங்காது, அதற்கு வழக்கே தேவையில்லை. சரியாக இருந்தால் முனையை ஈரத் திசுத்தாளில் வைத்துக் கன்வெர்ட்டரின் குமிழை மெல்லத் திருகுங்கள். மை கசிந்தும் தாளில் கோடு விழவில்லையென்றால் குண்டு இறுகியிருக்கிறது அல்லது குழி நெளிந்திருக்கிறது. கீழே விழுந்த பேனையில் இது வழக்கம், அக்காவின் மகனிடம் விழுத்தினானா என்று கேளுங்கள். மையே வரவில்லையென்றால் உள்வழி அடைப்பு. உங்கள் விடயத்தில் அதுதான் என்று நினைக்கிறேன். அது உங்கள் மையால் வந்தது.

மூன்றாவது, பேனையைக் கடையில் சும்மா கொடுத்துவிட்டு வருவது. அவர்கள் சுத்தம்செய்து ‘இப்போ எழுதுது’ என்பார்கள், முன்னைய நிலைக்குச் சாட்சி போய்விடும். ஒப்படைத்த திகதி, ‘எழுதவில்லை’ என்ற குறிப்பு, கடையின் முத்திரை மூன்றும் உள்ள துண்டு இல்லாமல் கொடுக்காதீர்கள். முதலாளியைக் கள்ளன் என்று முகநூலில் எழுதவும் வேண்டாம். வழக்கு உங்கள்மேல் திரும்பும்.

வெளிப்படையாகச் சொன்னால், சமரசமாகப் போங்கள். இந்த மாதிரிப் பேனைகள் பலவற்றில் குண்டுள்ள முன்பகுதி தனியாகக் கழன்று வரும். முழுப் பேனையைவிட அது மலிவு. ‘முன்பகுதியை மாற்றித் தாருங்கள், பாதிச் செலவு என்னுடையது’ என்று எழுத்தில் கேளுங்கள். பதிலுக்கு ஏழு நாள் கொடுங்கள். பதில் வராவிட்டால் அதிகார சபைக்கான கடிதத்தை உடனே அனுப்புங்கள். அதில் இந்தியன் இங்க் பற்றி மறைக்காதீர்கள், விசாரணையில் எப்படியும் வெளிவரும்.

கடைக்காரர் மறுத்து, நீங்களும் விட்டுவிடுவதாக முடிவுசெய்தால் அதன்பிறகு கழுவலாம்: ஒரு பங்கு வீட்டு அமோனியா, ஒன்பது பங்கு குளிர்ந்த தண்ணீர், ஒரு சொட்டுப் பாத்திரத் திரவம். கன்வெர்ட்டரால் இழுத்து விட்டு, சில மணிநேரம் ஊறவைத்து, பிறகு வெறுந்தண்ணீரால் தெளியும்வரை அலசி, முனையைத் திசுத்தாளில் நிறுத்தி இரவு காயவிடுங்கள். பிளீச் கூடவே கூடாது, அமோனியாவோடு சேர்ந்தால் நச்சுவாயு வரும்.

சமரசம் சரிவந்தால் ‘இனி எந்த உரிமையும் இல்லை’ என்ற தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். மாற்றிய முன்பகுதியில் கம்பனியின் மைக்குழாயைப் போட்டு, அங்கேயே நின்று ஒரு பக்கம் எழுதிப் பார்த்தபிறகு கையெழுத்துப் போடுங்கள்.