அந்த லயத்தில் ஏன் நிறுத்தவில்லை?

கேள்வி: கோவையிலிருந்து குடும்பமாக மூணாறு போனோம். அங்கே தேயிலை மியூசியத்தில் ஒன்றரை மணி நேரம் சுற்றினோம், பிள்ளைகளுக்குக் கொழுந்துக்கூடை மாட்டி போட்டோ எடுத்தோம். அம்மா வண்டியை விட்டு இறங்கவே இல்லை. இத்தனைக்கும் கல்யாணத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்து எஸ்டேட்டில் கொழுந்து எடுத்தவர்தான். போகிற வழியில் ஒரு லயத்தை, அதாவது தோட்டத் தொழிலாளர்களுக்கு எஸ்டேட் கொடுக்கிற வரிசை வீடுகளைக் காட்டி, தான் பிறந்த இடம், நிறுத்து என்றார். இப்போது அங்கே நமக்கு யாரும் இல்லையே என்று வந்துவிட்டோம். ஊர் திரும்பியும் சரியாகப் பேசமாட்டேன் என்கிறார். என்ன செய்வது?

பதில்: கடைசியாகச் சொன்னீர்களே, யாரும் இல்லை என்று, அதுதான் எனக்கு உறுத்துகிறது. எப்படி இருப்பார்கள்? எஸ்டேட்டில் வேலை இருக்கும்வரைதான் லயத்து வீடு, ரிட்டையர் ஆனால் காலி பண்ணிக் கொடுத்துவிட வேண்டும். ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லாத அம்மாவுக்குப் பிறந்த வீடு என்று மிச்சம் இருப்பதே ரோட்டிலிருந்து தெரிகிற அந்தக் கூரைதான். அதைப் பார்க்கப் பத்து நிமிஷம் கேட்டார், நீங்கள் கொடுக்கவில்லை.

நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005-இல் திறந்த அந்த மியூசியத்தை நான் குறை சொல்லவில்லை. அங்கே இருக்கிற சூரிய கடிகாரம் 1913-இல் நம் திருநெல்வேலிச் சீமை நாசரேத்தில் செய்தது. அதே சீமையிலிருந்தும் வேலைக்கு ஆள் சேர்க்கிற கங்காணிகள் சனங்களைக் கூட்டிப் போய்த்தான் அந்த மலையில் தேயிலை வளர்ந்தது. கூடையை எப்படி மாட்டுவது, இரண்டு இலை ஒரு மொட்டை எப்படிக் கிள்ளுவது என்று சொல்லித்தர பாட்டி வண்டியிலேயே இருக்க, பேரப்பிள்ளைகளுக்கு அது போட்டோவுக்குப் போடுகிற வேஷமாகிவிட்டதே! 2015 செப்டம்பரில் 'பொம்பிளை ஒருமை', அதாவது பெண்கள் ஒற்றுமை என்ற பெயரில் தோட்டத்துப் பெண்கள் போனஸுக்கும் கூலிக்கும் மூணாறு ரோட்டில் உட்கார்ந்தார்கள். அதை டிவியில் பார்த்தபோது அம்மா என்ன சொன்னார்? ஒரு வார்த்தை கேட்டிருப்பீர்களா? என்னைக் கேட்டால், பாட்டி எங்கிருந்து வந்தவர் என்று தெரியாமல் பிள்ளைகள் வளர்ந்தால் அது நடுவில் இருக்கிற மகளின் தப்பு.

சரி, பேசிச் சமாதானம் பண்ணப் பார்க்காதீர்கள். அம்மாவை முன்சீட்டில் உட்காரவைத்து மறுபடி போங்கள், பிள்ளைகளும் வரட்டும். நிறுத்தச் சொன்ன இடத்தில் நிறுத்துங்கள். லயத்தில் இப்போது வேறு குடும்பம் இருக்கும், செல்போனைப் பைக்குள் போட்டுவிட்டு, அவர்களைக் கேட்டுக்கொண்டு போங்கள். அப்புறம், கொழுந்து நிறுக்கிற இடத்துக்கு அம்மா போகணும் என்றால் போகட்டும், கூடவே ஓடாதீர்கள். திங்கட்கிழமையாகப் பார்த்துக் கிளம்புங்கள், அன்றைக்கு மியூசியம் லீவு.