பாட்டியின் செப்புக் கோயில் வில்லையில் (நாணயம் போன்ற வட்டத் தகடு) 1616 என்று இருக்கிறதே, அவ்வளவு பழையதா? ஒரே மாதிரி வில்லைகளில் ஏன் சின்னச் சின்ன வேறுபாடுகள்?

1860-இல் கப்பலேறித் தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்கு வந்தவர்களின் வழிவந்த நம் வீடுகளில் இந்தக் கேள்வி எழுவது சகஜம்தான். பூஜைப் பெட்டியைத் திறந்தால் ஒரு பக்கம் ராமர் பட்டாபிஷேகம், மறுபக்கம் ஈஸ்ட் இந்தியா கம்பெனி, 1616.

செம்புத் தகட்டை அடித்து உருவம் பதிக்கும் எஃகுக் கட்டைதான் அச்சு. அடிக்க அடிக்க அது தேயும், வெடிக்கும். புதிதாக ஒன்றைக் கையால் செதுக்கும்போது எழுத்து சற்று நகரும், எண் திரும்பிக்கொள்ளும். இந்த வேறுபாடுதான் அச்சு வகை. கொழுக்கட்டை அச்சின் ஓரம் உடைந்தால் அந்த வடு அடுத்து வரும் எல்லாக் கொழுக்கட்டையிலும் விழும் இல்லையா, அதே கதை. ஒரே ஒரு வில்லையில் மட்டும் இருந்தால் அது வெறும் கீறல்.

சரி, 1616? கம்பெனி தொடங்கியதே 1600-இல்; 1616-இல் இந்தியாவில் அது நாணயமே அடிக்கவில்லை. பக்தர்களுக்காகப் பின்னாளில் செய்து விற்ற கோயில் வில்லைகள் இவை, 1818 போட்டதும் உண்டு. ஆண்டு வெறும் அலங்காரம்.

வில்லையில் உள்ள ஆண்டுதான் அது அடிக்கப்பட்ட ஆண்டு என்று நம்பி, லட்சத்துக்குப் போகும் என யாராவது சொன்னால் காசை எடுக்காதீர்கள்.