பல் லேபில் ஒரு வேலை இருக்கிறது: டர்பன் சாட்ஸ்வர்த் அம்மாவுக்குப் பதில்

வணக்கம் அம்மா. மகன் மெட்ரிக், அதாவது பள்ளி இறுதித் தேர்வு எழுதப்போகிறான், மருத்துவத்துக்கு மதிப்பெண் எட்டாது, அவனுடைய பெரிய மாமாவோ "வீட்டை அடமானம் வைத்தாவது வெளிநாட்டுக்கு அனுப்பு" என்கிறார், ராத்திரி தூக்கமே இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். உங்கள் பயம் நியாயமானது. ஆனால் வீட்டை அடமானம் வைக்காதீர்கள். தவணை கட்டப்போவது மாமா இல்லை. வெளிநாட்டில் டாக்டருக்குப் படித்து வந்தாலும் இங்கே பதிவு பெறத் தனித் தேர்வு எழுத வேண்டும். அதில் பையன் மாட்டிக்கொண்டால் கடன் காத்திருக்காது.

தைப்பூசக் காவடிக்குக் கம்பி வேலை என்றால் மணிக்கணக்கில் தலை நிமிராமல் உட்கார்ந்துவிடுகிறான் என்று குறையாகச் சொல்கிறீர்கள். உங்கள் கடிதத்திலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் டென்டல் டெக்னாலஜி படிப்பு இருக்கிறது: பல் டாக்டர்களுக்காகச் செயற்கைப் பல்லை லேபில் செய்து கொடுக்கும் தொழில். அதை என்னிடம் யாருமே கேட்டு வருவதில்லை.

அங்கே கற்றவர்கள் என்ன செய்கிறார்கள் என்று ஒன்றை மட்டும் சொல்கிறேன். நாலைந்து இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் செயற்கை வேர்) மேல் கிரவுன்களை, அதாவது செயற்கைப் பல் மூடிகளைத் தாங்கும் உலோகச் சட்டத்தை ஒரே வார்ப்பாக வார்த்தால், ஆறும்போது சுருங்கிக் கோணிக்கொள்ளும். சொந்தப் பல் கொஞ்சம் அசைந்து கொடுக்கும். இம்ப்ளான்ட் எலும்போடு ஒன்றிப்போனது, கொடுக்காது. சட்டம் இம்மி பிசகினாலும் அதைப் பிடித்திருக்கும் திருகு தளரும், மேலே பூசிய பீங்கான் உடையும். அதனால் சட்டத்தை வெட்டி, துண்டுகளை நோயாளியின் வாய் அச்சில் எடுத்த மாடல் மேலேயே இழுப்பில்லாமல் உட்காரவைத்து, லேசரால் வெல்டிங் செய்கிறார்கள். கைகள் இரண்டும் லேசர் பெட்டிக்குள், கண் மைக்ரோஸ்கோப்பில், கால் பெடலில். மிதித்தால் ஒரு வெல்டுப் புள்ளி விழும். அடுத்தது அதன் மேல் பாதி ஏறி விழ வேண்டும். ஒரே பக்கமாகப் போட்டால் உலோகம் அந்தப் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஆகவே எதிரெதிரே மாற்றி மாற்றி. டைட்டானியம் என்றால் ஆர்கான் வாயுவுக்குள்தான். வெல்டு வெள்ளியாகப் பளபளத்தால் சரி. நீலம் பூத்தால் காற்று புகுந்திருக்கிறது, இணைப்பை நம்ப முடியாது. அப்புறம் ஓரத்துத் திருகு ஒன்றை மட்டும் இறுக்குவார்கள். மறு ஓரம் தூக்கினால் மறுபடி வெட்டு, மறுபடி வெல்டு.

இப்போது நிறைய சட்டங்களைக் கணினியே கடைந்து தருகிறது. அதையும் அவன் கற்கத்தான் வேண்டும். பொருந்துகிறதா என்று பார்ப்பது மனிதக் கண்தான்.

செலவு விஷயத்தில் நான் கறார். அரசுப் பல்கலைக்கழகம் மட்டும். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் என்றால் என்எஸ்ஃபாஸ் என்ற அரசு மாணவர் நிதி உதவிக்கு விண்ணப்பியுங்கள். வீட்டிலிருந்தே போய் வரலாம், விடுதிச் செலவு மிச்சம். முடித்ததும் தென்னாப்பிரிக்க டென்டல் டெக்னீஷியன் கவுன்சிலில் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

வரும் விடுமுறையில் பக்கத்து லேப் ஒன்றில் கேட்டு ஒரு நாள் அவனை உட்காரவையுங்கள். பிடிக்கவில்லை என்றால் வற்புறுத்தாதீர்கள், வேறு பேசுவோம். பிடித்திருந்தால் சிஏஓ (பல்கலைக்கழகச் சேர்க்கைக்கான மைய அலுவலகம்) விண்ணப்பத்தில் அதையே முதல் விருப்பமாகப் போடுங்கள். மாமாவுக்கு அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.