கேளுங்கள்: கடைக்கு ஒரு வெப் பக்கம், நோட்பேட் போதும்

கேள்வி: குமுளியில் அப்பா ஏலக்காய் கடை வைத்திருக்கிறார். தமிழிலும் மலையாளத்திலும் கடைக்கு ஒரு வெப் பக்கம் செய்ய ஆசை. புரோகிராமிங் தெரியாது, பழைய லேப்டாப் ஒன்று இருக்கிறது. முதலில் மூன்று மாத கோர்ஸ் சேரச் சொல்கிறார்கள். சேரத்தான் வேண்டுமா சார்?
*— வாசகி, குமுளி*

வேண்டாம்மா. ஒரே ஒரு பக்கத்துக்கு ஒரு சாயங்காலம் போதும். வெப் பக்கம் எழுதுகிற எச்டிஎம்எல் என்பது புரோகிராமிங்கே இல்லை, எது தலைப்பு, எது பத்தி, எது படம் என்று குறித்துக் கொடுப்பது, அவ்வளவுதான். உங்கள் கடையில் எந்தச் சாக்கில் எந்த ரகம் என்று சீட்டு எழுதி வைப்பீர்களே, அதே வேலை. அந்தச் சீட்டுக்குப் பெயர் டேக்.

முதலில் ஒரு தாளில் பக்கத்தில் வர வேண்டியதை எழுதுங்கள்: கடைப் பெயர், எங்கே இருக்கிறது, என்னென்ன ரகம், எத்தனை மணி வரை திறந்திருக்கும், போன் நம்பர். அப்புறம் நோட்பேடைத் திறங்கள். கீபோர்டில் கமா, முற்றுப்புள்ளி, சாய்கோடு மூன்றும் அடுத்தடுத்து இருக்கும். ஷிஃப்டோடு கமாவை அழுத்தினால் டேகைத் திறக்கும் கூர் அடைப்பு, ஷிஃப்டோடு முற்றுப்புள்ளியை அழுத்தினால் மூடும் அடைப்பு. உள்ளே ஆங்கிலச் சின்ன எழுத்தில் எச்1 என்று போட்டு, கடைப் பெயரைத் தமிழில் அடித்து, மறுபடி அடைப்புக்குள் அதே எச்1-ஐ முன்னால் ஒரு சாய்கோடு சேர்த்துப் போட்டால் பெரிய தலைப்பு தயார். பத்திக்கு எச்1-க்குப் பதில் பி. கண்ணுக்குத் தெரிய வேண்டியதெல்லாம் பாடி டேகுக்குள், பிரவுசருக்கு மட்டும் சொல்ல வேண்டியது அதற்கு மேலே ஹெட் டேகுக்குள், இரண்டையும் சுற்றி எச்டிஎம்எல் டேக், எல்லாவற்றுக்கும் உச்சியில், இது எச்டிஎம்எல் பக்கம் என்று சொல்லும் டாக்டைப் வரி.

ஹெட்டில் மறக்கக்கூடாத வரி ஒன்று உண்டு, மெட்டா சார்செட் யுடிஎஃப்-8. எழுத்துகள் எந்த முறையில் சேமிக்கப்பட்டிருக்கின்றன என்று பிரவுசருக்குச் சொல்வது இது. தமிழில் எழுதுகிற நமக்கு உயிரே இதுதான். இதை விட்டுவிட்டால் தமிழுக்குப் பதில் கொம்பும் புள்ளியுமாக ஏதோ எழுத்து வந்து நிற்கக்கூடும். சேமிக்கும்போதும் என்கோடிங், அதாவது எழுத்தைச் சேமிக்கும் முறை, யுடிஎஃப்-8 தானா என்று பாருங்கள், ஏனென்றால் 2019-க்கு முந்தைய விண்டோஸ் நோட்பேட் தானாக எடுத்துக்கொள்வது ஆன்சி என்ற பழைய முறையை. கம்பத்தில் மாமா கடைக்கு நான் செய்த முதல் பக்கத்தில், வந்த எச்சரிக்கையைப் படிக்காமல் ஓகே கொடுத்துவிட்டேன். மறுநாள் திறந்தால் விலைப்பட்டியல் முழுக்கக் கேள்விக்குறி, ஓர் எழுத்தைக்கூட மீட்க முடியவில்லை. இன்னொன்று, ஃப்ளெக்ஸ் போர்டுக்காக பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்த மேட்டரை அப்படியே ஒட்டாதீர்கள். பக்கத்தில் வெறும் ஆங்கில எழுத்தாகத்தான் தெரியும், எல்லா மொழிக்கும் பொதுவான யுனிகோடில் புதிதாக அடித்துவிடுங்கள்.

மலையாளத்துக்குத் தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம், யுடிஎஃப்-8 இரண்டு மொழியையும் தாங்கும். மலையாளப் பத்தியின் பி டேகில் மட்டும் லாங் (lang) என்று போட்டு எம்எல் (ml) என்று குறியுங்கள், பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருள் மொழியை அடையாளம் காணும். ஆனால் மொழிபெயர்ப்பு ஆப்பில் போட்டு எடுத்து ஒட்ட வேண்டாம்மா. கோட்டயத்திலிருந்து வருகிறவரிடம் அப்பா எப்படிப் பேசுவாரோ அந்த வாக்கியத்தையே எழுதுங்கள்.

கோப்புக்கு இண்டெக்ஸ் டாட் எச்டிஎம்எல் என்று பெயர் வைத்து, வகையில் ஆல் ஃபைல்ஸ் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பின்னால் ஒரு டாட் டிஎக்ஸ்டி சத்தமில்லாமல் ஒட்டிக்கொள்ளக்கூடும், அப்போது இரட்டைக் கிளிக் செய்தால் பிரவுசருக்குப் பதில் நோட்பேடே திறக்கும். சரியாகச் சேமித்திருந்தால் இணையம் இல்லாமலே பக்கம் குரோமில் தெரியும். திருத்துங்கள், சேமியுங்கள், குரோமில் எஃப்5 அழுத்துங்கள், மாற்றம் தெரியும். தலைப்பு பெரிதாக வந்து நிற்பதைப் பார்த்ததும் அடுத்தது என்ன என்று உங்களுக்கே கை பரபரக்கும்.

கேள்வி: என் லேப்டாப்பில் படம் தெரிகிறது, நெட்டில் ஏற்றினால் வருவதில்லை. ஏன்?
*— வாசகர், கொழிஞ்சாம்பாறை*

படத்தின் பெயரைப் பாருங்கள். விண்டோஸ் ஆங்கிலப் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வித்தியாசம் பார்க்காது. நெட்டில் பக்கங்களை வைத்திருக்கும் கணினிகளான சர்வர்களில் பெரும்பாலானவை ஓடுவது விண்டோஸில் அல்ல, லினக்ஸில், அது கறாராகப் பார்க்கும். கேமரா வைத்த பெயரில் ஜேபிஜி பெரிய எழுத்தில் இருந்து, நீங்கள் பக்கத்தில் சின்ன எழுத்தில் அடித்திருப்பீர்கள். எல்லாப் பெயரையும் சின்ன எழுத்தில், நடுவில் இடைவெளி விடாமல் வையுங்கள். அப்படியே படத்தையும் சுருக்கிவிடுங்கள். போனில் எடுத்த 4 எம்பி படத்தை அப்படியே ஏற்றினால், சிக்னல் விட்டு விட்டு வரும் ஊரில் பார்க்கிறவர் பாதியிலேயே மூடிவிடுவார். 1000 பிக்சல் அகலம் தாராளம்.

கேள்வி: எச்டிஎம்எல்லில் எழுத யாருக்காவது பணம் கட்ட வேண்டுமா?
*— வாசகர், புளியரை*

ஒரு பைசா வேண்டாம். டிம் பெர்னர்ஸ்-லீ இதை உருவாக்கியது ஜெனீவா அருகே உள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில். வெப்பின் மென்பொருளை யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று 1993 ஏப்ரல் 30 அன்று செர்ன் அறிவித்துவிட்டது. சொந்தப் பெயரில் முகவரி வேண்டுமானால் அதற்கு மட்டும் வருடாவருடம் பணம் கட்ட வேண்டும். இப்போதைக்கு, பக்கங்களை நெட்டில் வைக்க இடம் தரும் கிட்ஹப் பேஜஸ் தளத்தில் இலவசமாகவே ஏற்றலாம், ஒரு மின்னஞ்சல் முகவரி இருந்தால் கணக்குத் தொடங்கிவிடலாம்.